தட்டில் மிஞ்சிய தகடுகள்

கடலுக்கு மேல் மேகம் கலையவில்லை, இன்றைக்கும் ஏவ முடியாது என்று தொலைபேசியில் சொன்னார்கள். சரி என்று இளையவள் ரிசீவரை வைத்தாள். கோபப்படக்கூட உடம்பில் தெம்பு இல்லை. கொட்டகையில் இரும்புத் தாங்கியின் மேல் படுத்திருந்த ஏவுகணைக்கு மறுபடியும் தார்ப்பாயைப் போர்த்தினாள். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை வால்காரர் பிடித்தார். வால் பக்கத்தில் புகைக்குழாய் பொருத்துவதும் இறக்கைகளைச் சரிபார்ப்பதும் அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். மூக்குப் பக்கம் இளையவளுடையது.

"இதைப் போர்த்தி விடறதுல பாதி அக்கறையை என் வீட்டுக்காரி மேல காட்டியிருந்தா, எனக்கு சோறாவது சூடாக் கிடைச்சிருக்கும்" என்றார் வால்காரர்.

இளையவள் சிரிக்கப் பார்த்தாள். கொட்டாவிதான் வந்தது.

அந்த ஏவுகணை யாரையும் கொல்லப் போவதில்லை. ஒரு காலத்தில் அதற்காகத்தான் செய்தார்கள். வயதாகிப் படையிலிருந்து கழித்த பிறகு, வெடிமருந்துத் தலையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் எடையும் கருவிகளும் வைத்து இலக்காக மாற்றியிருந்தார்கள். எதிரி அனுப்பினால் எப்படி வருமோ அப்படியே, ஒலியை முந்திக்கொண்டு, கடல் பக்கமிருந்து கரையை நோக்கி அது வரும். கரையில் காத்திருக்கிற படைப்பிரிவு அதை ரேடாரில் பிடித்து, தங்கள் ஏவுகணையை விட்டு வானத்திலேயே அடிக்க வேண்டும். அது தலைக்கு மேலே கடந்து போன பிறகுதான் சத்தமே வந்து சேரும். சத்தம் கேட்டு அண்ணாந்து பார்க்கிறவனுக்கு வேலை முடிந்துவிட்டது என்று பொருள்.

இதை வெளியாளுக்கு விளக்குவதற்குள் இளையவளுக்கு நாக்கு வறண்டுவிடும். அவளுடைய அக்காவுக்கு மட்டும் அதில் சலிப்பே வந்ததில்லை. அந்த மூத்தவள் ஓர் இரவு முழுக்கப் பேருந்தில் போக வேண்டிய ஊரில் துணி திருத்தும் கடை வைத்திருந்தாள். தங்கை என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டுவிட்டால் தையல் மெஷினை நிறுத்திவிடுவாள். "ராக்கெட் வேலை. சுடுற ராக்கெட் இல்ல, சுடப்படுற ராக்கெட்" என்று தொடங்கி, ரேடாரிலிருந்து புகைக்குழாய்வரை சொல்லி முடித்துவிட்டுத்தான் மெஷினை மிதிப்பாள். பேண்டின் நீளத்தைக் குறைக்க வந்த ஒருவர், அடி வாங்கறதுக்கா இவ்வளவு படிப்பு என்று கேட்டுவிட்டார். அவருடைய பேண்ட் அதற்கப்புறம் வெகுநாள் "இன்னும் ஆகலை" என்றே கிடந்தது.

அப்பா அம்மா அடுத்தடுத்துப் போனபோது மூத்தவள் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு மெஷினில் உட்கார்ந்தாள். இளையவளைப் பாலிடெக்னிக் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது அந்த மெஷின்தான். படித்து முடித்ததும் இளையவளுக்கு முதலில் கிடைத்தது மின்விசிறித் தொழிற்சாலை. நாள் முழுக்க இறக்கைகளுக்குச் சமநிலை பார்க்க வேண்டும். எந்த இறக்கை கனமாக இருக்கிறதோ அதற்கு எதிர் இறக்கையில் சிறு தகடு ஒட்ட வேண்டும். அந்தக் கைப்பழக்கம்தான் பிறகு அவளைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மின்விசிறி ஆடினால் வீட்டுக்காரர் திட்டுவார். ஏவுகணை ஆடினால் என்ன ஆகும் என்று சொல்ல அது திரும்பி வராது. வித்தியாசம் அவ்வளவுதான் என்பாள். கல்யாணம் ஆனது. கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பாதி தண்ணீரில். மகன் விடுதியில். மீதி நேரமெல்லாம் கொட்டகை.

அந்தப் பயிற்சி முகாமின்போது அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான். அக்காவின் அறுவை சிகிச்சைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூத்தவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லி மாதங்கள் ஆகியிருந்தன. ரத்தப்போக்கு நிற்கவில்லை. மெஷினை மிதிக்கும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் இரண்டு முறை தேதியைத் தள்ளிவைத்தாள், தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை என்பதற்காக. யாருக்கும் பயப்படாதவள், மயக்க ஊசிக்குப் பயந்தாள். அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. "உன் முகத்தைப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்று மட்டும் சொன்னாள். இளையவளுக்கு அது போதும், புரிந்துவிட்டது. மூன்றாவது தேதி கொடுத்தபோது டாக்டர், இதுக்கு மேல தள்ளினா நான் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்.

லீவு ஏன் கிடைக்கவில்லை என்றால், மூக்குப் பக்கத்துக்கு இருந்த இன்னொரு ஆள் மாடிப்படியில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். பயிற்சியோ முடிகிற வழியாகத் தெரியவில்லை. அதற்குக் காரணம் பந்து.

ஏவுகணை பார்க்க ஒல்லி. ரேடாரில் அது எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதை மூக்குக்குள் வைக்கிற ஒரு பந்துதான் தீர்மானிக்கும். வந்த ரேடார் அலையை வந்த வழியே திருப்பி அனுப்புகிற பந்து அது. பெரிய பந்து வைத்தால் பெரிய விமானம் வருவதுபோல் தெரியும், புதிதாகப் பழகுகிறவர்கள்கூடப் பிடித்துவிடுவார்கள். சின்னப் பந்து வைத்தால் கடல் அலையின் இரைச்சலுக்குள் ஒரு புள்ளி. அந்தப் படைப்பிரிவு பெரிய பந்தை அடித்துவிட்டது. சின்னப் பந்து ஒன்றையாவது அடித்தால்தான் தேர்ச்சி, முகாமும் முடியும். இரண்டு முறை விட்டாயிற்று, இரண்டும் தப்பித்துக் கடலில் போய் விழுந்தன. இந்த மூன்றாவதும் தப்பித்தால் நான்காவதைத் தயார் செய்ய வேண்டும். இது அடிபட்டால் அன்றைக்கே கிளம்பலாம் என்று தளத்தின் பொறுப்பாளர் இளையவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

உள்ளே இருப்பது எந்தப் பந்து என்று சுடுகிறவர்கள் முன்னால் கேட்கக் கூடாது. அங்கே அது எழுதி ஒட்டாத சட்டம். பயிற்சி முடிகிறவரை இரு தரப்பும் ஒரே மேசையில் டீகூடக் குடிக்க மாட்டார்கள். சுட்டு முடித்த பிறகு மூக்குக்காரி தொலைபேசியில் ஒரே சொல் சொல்வாள், பெரியது அல்லது சின்னது. அதுதான் தீர்ப்பு. மிச்சமெல்லாம் கடலுக்கு அடியில்.

மேகம் விலகிவிடும், நாளைக் காலை கண்டிப்பாக உண்டு என்று தகவல் வந்த அன்று மாலை, கேன்டீனில் படைப்பிரிவின் கேப்டன் அவள் மேசைக்கு வந்து நின்றார். மகன் வயதைவிடக் கொஞ்சம்தான் கூட இருக்கும். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"உட்காரலாமா அக்கா?"

"கூடாதுன்னு உங்களுக்கே தெரியும்."

"தெரியும். கால் வலிக்குது." உட்கார்ந்துவிட்டார். பையன்கள் சரியாகத் தூங்கி எத்தனையோ நாளாயிற்று, ஒருத்தனுக்குக் குழந்தை பிறந்து இன்னும் பார்க்கவில்லை என்றெல்லாம் சொன்னார். பிறகு டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, "எந்தப் பந்துன்னு நான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். பின்னாடி நீங்க சொல்றதுதான் எங்களுக்குக் கணக்கு. அதை மட்டும் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

"டீ ஆறுது, குடிங்க" என்றாள் இளையவள்.

குடியிருப்புக்கு நடந்து போகும்போது அவள் அதை யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். பெரியதை வைத்துவிட்டுச் சின்னது என்று சொன்னால் போதும். முகாமே மூட்டை கட்டும். அக்கா தியேட்டருக்குள் போகும்போது கையைப் பிடித்துக்கொள்ளலாம். யாருக்கு நஷ்டம் என்று தேடிப் பார்த்தாள். அந்தப் பையன்கள் நாளைக்கு எங்கேயோ ஒரு கரையில் உட்கார்ந்திருப்பார்கள், அங்கே வருவது யாரும் பந்து வைத்து அனுப்பியதாக இருக்காது என்பது மட்டும் உறுத்தியது. சின்னதுதான் என்று முடிவு செய்துகொண்டு கதவைத் திறந்தாள்.

காலையில் சின்னப் பந்தை எடுத்து வால்காரரிடம் காட்டினாள். அவர் பார்த்துத் தலையாட்டினார். பந்தை உட்கார வைத்து, அதற்குப் பின்னால் ஈயத் தகடுகளை அடுக்கினாள். பெரிய பந்து கனம், அதற்குச் சில தகடுகள் போதும். சின்னப் பந்து இலேசு, அதனால் தட்டில் இருக்கிற தகடெல்லாம் உள்ளே போக வேண்டும். அப்போதுதான் மூக்கு சரியான கனத்தில் நிற்கும். வால்காரர் திருகுகளைச் சரிபார்ப்பார். தகடுகளை அவர் பார்க்க வேண்டிய அவசியம் இத்தனை வருஷத்தில் வந்ததில்லை. மூக்கை மூடி, தட்டின் மேல் துணியைப் போட்டு ஒதுக்கிவிட்டு, ஏவுகணையை வண்டியில் ஏற்ற உதவினாள். வண்டி, கடலுக்குள் நீண்ட முனையிலிருந்த ஏவுதளத்துக்குப் போயிற்று. படகுகளை விலக்கிக் கடலை மூடினார்கள். முதல் சைரன் ஊதியது.

இளையவள் கொட்டகையைப் பூட்டுவதற்காகத் திரும்பி வந்தாள். பை மூலையில் தயாராக இருந்தது. மேசையைத் துடைக்கத் தட்டைத் தூக்கினாள். தட்டு கனத்தது.

துணியை எடுக்கவில்லை. எடுத்துப் பார்க்கத் தேவையே இல்லை, கைக்குத் தெரிந்துவிட்டது. சின்னப் பந்தை வைத்துவிட்டு, பெரிய பந்துக்கு உரிய தகடுகளை மட்டும் போட்டிருக்கிறாள். மனசு வேண்டாம் என்று சொன்ன பிறகும், ராத்திரி முழுக்க அதையே சுற்றிக்கொண்டிருந்த கை தன் பாட்டுக்குச் செய்துவிட்டது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

மூக்கு இலேசாக இருந்தால் ஏவுகணை தலையைத் தூக்கும். தாழப் பறக்காது, மேலே ஏறும், வேகம் விடும், ஆடும். ரேடார்காரனுக்கு அது கொண்டாட்டம். நிச்சயம் அடித்துவிடுவார்கள். பிறகு தொலைபேசியில் அவள் சின்னது என்று சொல்லலாம். அது பொய்யாகக்கூட இருக்காது. உள்ளே இருப்பது சின்னதுதான். மதியம் முகாமுக்கு வரும் காய்கறி வேனில் ஏறிப் பேருந்து நிலையம், விடிந்தால் அக்கா. தகடுகளைப் பெட்டியில் கொட்டி மூடினால் முடிந்தது. மூக்கைத் திறந்தாலோ, மூக்கைக் கழற்றி, தகடு போட்டு, திரும்ப மூடி, எல்லாச் சோதனையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கடலை மதியம் வரைதான் மூடி வைப்பார்கள். ஆகவே நாளை. நாளைக் காலைதான் அக்காவுக்கு.

இரண்டாவது சைரனுக்கு முன்னால் ரிசீவரை எடுத்தாள். "சார், நிறுத்துங்க. மூக்கைத் திறக்கணும்."

"என்னம்மா சொல்றீங்க? கடலை மூடியாச்சு" என்றார் பொறுப்பாளர்.

"தகடு குறைச்சுப் போட்டுட்டேன். என்னோட தப்பு."

எதிர்முனையில் ஒரு மூச்சு கேட்டது. "கொஞ்சம் குறைஞ்சா பறக்காதா?"

"பறக்கும் சார், கோழி பறக்குற மாதிரி. அவங்களும் அடிச்சிடுவாங்க. கோழியை அடிச்சுட்டு பாஸ் பண்ணிட்டோம்னு போவாங்க."

"உங்க அக்காவுக்கு நாளைக்குத்தானே?"

"ஆமா சார்."

"சரி. நிறுத்தறேன்."

யாரும் அவளைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருக்கலாம். விடியலிலிருந்து வெயிலில் ரேடார் வண்டிக்குள் உட்கார்ந்திருந்த பையன்கள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்கள். கேப்டன் தூரத்தில் நின்று அவளைப் பார்த்தார். இந்தத் தடவை அவள் மேசைக்கு வரவில்லை. கொட்டகைக்குத் திரும்பி வந்த ஏவுகணையின் திருகுகளைத் தளர்த்தியபடி வால்காரர், "பார்த்தேன்னு தலையாட்டினது நான். பாதித் தப்பு என் பங்கு, கொடுத்துடு" என்றார். அவள் பேசாமல் தகடுகளை ஒவ்வொன்றாக அவர் கண் முன்னால் வைத்தாள். இந்த முறை அவரும் கூடவே வாய்க்குள் எண்ணினார்.

வெளிச்சம் இருக்கும்போதே அக்காவிடம் பேசிவிட வேண்டும் என்று குடியிருப்பின் படியில் உட்கார்ந்து போனை எடுத்தாள். மூத்தவள் ஏற்கனவே ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். துணைக்குப் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்கா இருந்தாள்.

"பஸ் ஏறிட்டியா?" என்பதுதான் முதல் கேள்வி.

இளையவள் நடந்ததைச் சொன்னாள். தகடு, மூக்கு, கடல் என்று என்னவோ சொன்னாள். எல்லாம் கேட்டு முடித்த மூத்தவள், "அப்போ நாளைக்கு இல்ல" என்றாள்.

"நாளைக்கு இல்லக்கா. விழுந்துச்சுன்னா நாளன்னிக்குக் காலையில."

"விழலைன்னா?"

இளையவள் படியில் கிடந்த மணலை விரலால் தள்ளினாள்.

"போன தடவையும் இப்படித்தான் சொன்ன. அதுக்கு முந்தியும்" என்றாள் மூத்தவள். குரலில் சூடு இல்லை, களைப்புதான் இருந்தது. "சரி வை. எச்சில் முழுங்கக் கூடாதுங்கற மாதிரி ஆயிரம் சட்டம் போடறாங்க. நர்ஸ் வந்துட்டா." வைத்துவிட்டாள். நர்ஸ் வரவில்லை என்று இளையவளுக்குத் தெரியும். அக்கா அழும்போது யாரையாவது வரவழைத்துவிடுவாள்.

மறுநாள் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது. இளையவள் பதுங்கு அறையில் தொலைபேசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்நேரம் மூத்தவளை உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். சைரன் ஊதியது, தூரத்தில் ஏவுதளம் உறுமியது. சுவரிலிருந்த சின்னத் திரையில் ஒரு புள்ளி வந்தது, இன்னொரு புள்ளி கிளம்பியது. இரண்டும் சேர்ந்த இடத்தில் பிறகு எதுவும் இல்லை. பொறுப்பாளர் ரிசீவரை அவள் பக்கம் நீட்டினார்.

எதிர்முனையில் கேப்டன் காத்திருந்தார்.

"சின்னது" என்றாள் இளையவள்.

அந்தப் பக்கம் பையன்கள் போட்ட கூச்சல் ரிசீவரைத் தாண்டி அறையில் எல்லோருக்கும் கேட்டது. கேப்டன் என்னவோ நன்றி சொன்னார், கூச்சலில் ஒன்றும் புரியவில்லை. சந்தோஷமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். கால் இரண்டும் மரத்துப்போயிருப்பது மட்டும் தெரிந்தது. வால்காரர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து வேனில் வைத்தார்.

அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். மூத்தவள் வெளுத்துப்போய், கையில் சொட்டு மருந்துக் குழாயோடு படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தவள் தங்கையைப் பார்த்ததும் நிறுத்தினாள். விழித்த கண்ணோடு இரண்டு இரவுகளைக் கழித்த ஜெராக்ஸ் அக்கா, வந்தாச்சு அப்பாடா என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கட்டி மூணு மாசக் கர்ப்பம் அளவு இருந்தது, எல்லாம் எடுத்தாச்சு, பயமில்லை என்று டாக்டர் சொன்னதை வாசல்வரை வந்து ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

இளையவள் ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவின் கையைப் பிடித்தாள்.

"மயக்க ஊசி போடறப்போ கதவையே பாத்துட்டு இருந்தேன்" என்றாள் மூத்தவள். "டாக்டர் யாரைத் தேடறீங்கன்னு கேட்டார். யாரையும் இல்லைன்னுட்டேன்."

இளையவள் போர்வையை இழுத்து அக்காவின் காலை மூடினாள்.

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா அன்னிக்கே வந்திருக்கலாம்தானே?"

"வந்திருக்கலாம்."

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது?"

"தெரிஞ்சிருக்காதுக்கா."

மூத்தவள் கூரையைப் பார்த்தபடி, "கோபம் இருக்கு. இல்லாம இல்ல" என்றாள். "கொஞ்ச நாள் இருக்கும். அதுக்காக நீ பண்ணது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். என்ன பண்றது, ரெண்டும் இருக்கு." பிறகு, "விழுந்துச்சா?" என்றாள்.

"விழுந்துச்சு. சின்னப் பந்துலயே."

"ம்" என்றாள். அந்த ஒரு எழுத்தை அவள் அவசரமில்லாமல் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரி காதைத் தீட்டிக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி, "நான் சொல்லிட்டிருந்தேனே, அந்தத் தங்கச்சி இவதான்" என்றாள்.

கட்டிலுக்குக் கீழே துணையாள் படுப்பதற்கு ஒரு மடக்குப் பாய் இருந்தது. ஐந்து நிமிஷம் முதுகை நீட்டிக்கொள்கிறேன் என்று இளையவள் படுத்தாள். செருப்பைக் கழற்றக்கூட இல்லை. வாய் திறந்தபடி, முகாமின் முழு அசதியும் குறட்டையாக வெளியே வர, தூங்கிப்போனாள்.

மருந்துச் சீட்டோடு வந்த நர்ஸ் சுற்றிலும் பார்த்தாள். "உங்க கூட யாரும்மா இருக்காங்க? இதெல்லாம் யார்கிட்ட சொல்றது?"

மூத்தவள் குழாய் போட்ட கையை மெதுவாகத் தூக்கிக் கட்டிலுக்குக் கீழே காட்டினாள்.

"இவதான். எழுப்பாதீங்க, என்கிட்ட சொல்லுங்க. அவ எழுந்ததும் நான் சொல்லிக்கறேன்."